பாக்கி இருந்த ஒரு ஷாட்

செத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, "பல்லு தெரியணுமா சார்?" என்று கேட்டான்.

நெற்றியில் நாணயம் ஒட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு. கழுத்தில் சம்பங்கி மாலை. மார்பில் ஈட்டி குத்திய இடத்தில் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்த ரத்தம். அதில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"தெரியணும். நல்லா வாய் விட்டுச் சிரிங்க," என்றார் கேமராமேன்.

அவன் சிரித்தான். கேமரா ஓடியது. தயாரிப்பு நிர்வாகி வெள்ளைப் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, அவன் தலையைச் சுற்றி, செட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஓங்கி உடைத்தார். குங்குமம் கலந்த சதை வரப்பெல்லாம் தெறித்தது. மேலே சாரல் தூறிக்கொண்டிருந்தது.

சினிமாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் தொழிலில் இது கண்டிப்பான வழக்கம். சாவதுபோல் நடித்தவரை அன்றைய வேலை முடிவதற்குள் அதே கேமரா முன்னால் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும். படத்தில் அது வராது. எடிட்டர்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

நான் கண்டினியூட்டி பார்க்கிறவள். போன ஷாட்டில் இடது தோளில் இருந்த துண்டு இந்த ஷாட்டில் வலது தோளுக்குப் போனால் கத்துவது என் வேலை. கத்திக் கத்தியே தொண்டை போயிற்று. அன்று சிரித்த பிணத்தைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவள் சண்முகவடிவு. இந்த வாரம் அவள் கதைதான். ஆனால் அவளிடம் வருவதற்கு முன் சில கோமாளிகளைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது.

எல்லையைக் கண்டவர்கள்

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். போன வாரம் ஒரு நடிகரின் தொப்பையைப் பற்றி எழுதியதற்கே பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் குதித்திருக்கிறார்கள். இதற்கு வக்கீலே வருவார்.

சரித்திரப் படம். இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு முந்திய கதை. இந்தப் பக்கம் ஒரு பாளையம், அந்தப் பக்கம் மலையாள ராஜ்யம், நடுவில் ஒரு கணவாய். அந்த எல்லையைக் காக்கிற காவல்காரன்தான் நாயகன். இலத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தரிசாகக் கிடந்த நிலத்தில் கோட்டையும் சாவடியும் போட்டிருந்தார்கள். நான் மேலகரத்துக்காரி என்பதால், "லோக்கல் ஸ்லாங்கும் நீங்களே பாத்துக்கோங்க" என்று அந்த வேலையையும் ஓசியில் என் தலையில் கட்டினார்கள்.

இடம் பார்க்க வந்தபோது பங்குனி. வெயிலில் எல்லாம் காய்ந்து கருவாடாகக் கிடந்ததைப் பார்த்து டைரக்டருக்குப் புல்லரித்துவிட்டது. "வறண்ட எல்லை. இதுதான் என் படம். ரா!" என்றார். அவருக்கு எல்லாமே 'ரா'வாக இருக்கவேண்டும். வெளிநாட்டில் ஏதோ கோர்ஸ் படித்தபோது பிடித்துவந்த சொல் அது.

படப்பிடிப்பை எப்போது வைத்தார் தெரியுமா? ஆனியில். குற்றாலத்துக்கு ஊரே திரண்டு வந்து அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், இந்த மனிதர் வறண்ட எல்லையைப் படம் பிடிக்க வந்தார். வந்து இறங்கினால் எங்கு பார்த்தாலும் பச்சை. கோட்டைச் சுவரில் பாசி. வீரர்களின் ஒட்டு மீசை சாரலில் நனைந்து ஒரு பக்கம் தொங்கியது.

"டி.ஐ.ல பாத்துக்கலாம்," என்றார்.

படம் எடுத்து முடித்தபின் கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றுகிற வேலைக்குத்தான் டி.ஐ. என்று பெயர். பச்சையைப் பழுப்பாக்கலாம், மேகத்தை வெயிலாக்கலாம். எதற்கெடுத்தாலும் அதே பதில்தான். மீசை தொங்குகிறதா, டி.ஐ. மின்கம்பம் தெரிகிறதா, டி.ஐ. அந்த மனிதருக்கு மூளையையும் டி.ஐ.யில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

குதிரைகளைக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடுகிற குதிரைகளை லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். எதிரிப் படையின் மேல் பாய்கிற காட்சி. ஆக்‌ஷன் என்றதும் எல்லாம் ஒழுங்காகப் புறப்பட்டன. கொஞ்ச தூரம் போனதும், அங்கே கடற்கரையில் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போனதும், யாரும் சொல்லாமலே வரிசையாகத் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றன. எங்கள் காவல் படை எதிரியைக் கண்ணால் பார்க்காமலே வீடு திரும்பியது. நாயகன் வாளை உயர்த்தியபடி திரும்பி வந்ததுதான் அந்தப் படத்திலேயே நம்பும்படியான நடிப்பு. அதை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

நாயகனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவருடைய கேரவன் வண்டி இலத்தூர்த் தெருவுக்குள் திரும்பாது. அதனால் குற்றாலத்தில் ரிசார்ட்டில் தங்கி, உச்சி நேரத்துக்கு வந்து சேருவார். ஒருநாள் அருவியில் குளிக்க ஆசை வந்தது. கூட்டத்தோடு நிற்க முடியாதாம். அருவியை ஒருமணி நேரம் காலி செய்து தர முடியுமா என்று எங்கள் தயாரிப்பு மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "அக்கா, தண்ணிய நிறுத்தி வைக்கச் சொல்லாம விட்டாரே," என்றார். எல்லையைக் காக்கிற அந்த வீரர் படம் முடிகிறவரை நிஜ எல்லைக்குப் போனது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கேரள எல்லைக் கடையில் பார்டர் புரோட்டா தின்பதற்கு.

நாற்றங்காலில் குதிரை

நாயகனின் தாயாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு மூத்த நடிகை வந்தார். மலையடிவாரத்தில் சாரல் நேரத்தில் அட்டை இருக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. காலில் ஒன்று ஏறியதுதான் தாமதம், அந்தம்மா போட்ட சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. அன்று மாலையே ரயிலேறிவிட்டார்.

மிரண்ட குதிரைகளில் ஒன்று அவிழ்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்றங்காலில் நின்று, ஆற அமர மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வயலுக்குச் சொந்தக்காரிதான் சண்முகவடிவு. நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு செட்டுக்குள் வந்தாள்.

"ஏலே, எவம்லே குதிரைக்காரன்? என் நாத்தங்காலுக்குள்ள மாப்பிள்ள கணக்கா நிக்குது, நீ இங்கன டீ குடிச்சிக்கிட்டு நிக்க! இது யாரு வீட்டுச் சொத்துன்னு நெனச்சிய? குதிரைய அவுத்து விட்டுட்டு என்னலே ராஜா வேசம் வேண்டிக் கெடக்கு?"

கிரீடத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்த எதிரி நாட்டு ராஜா கிளாஸை வைத்துவிட்டு ஓடினார். டைரக்டர் மானிட்டர் முன்னாலிருந்து எழுந்தார். "என் அம்மா கிடைச்சுட்டாங்க!" என்று கத்தினார். நஷ்ட ஈடு கேட்க வந்தவளை நடிகையாக்கிவிட்டார்கள்.

அவளுக்கும் ஆசைதான். அதை மறைக்கவில்லை. மறுநாள் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். "எம்புள்ளைட்ட போன்ல சொன்னேங்க்கா. விழுந்து விழுந்து சிரிக்கான். நீ நடிச்சா ஹீரோ ஓடிருவாம்மான்னு சொல்லுதான்."

போனில் படம் காட்டினாள். இசக்கிமுத்து. ஒரே பிள்ளை. பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே எல்லையில், பனி மலையில் எங்கேயோ இருந்தான். படத்தில் சீருடையோடு விறைத்துக்கொண்டு நின்றான்.

"முன்பல்லு பாதி ஒடஞ்சிருக்கும். சின்னதுல கெணத்துல குதிச்சது. அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு போட்டால சிரிக்கவே மாட்டான். நேர்ல பாத்தீயன்னா சிரிச்சிக்கிட்டேதான் இருப்பான்," என்றாள்.

அந்தப் படத்தை அவள் எனக்கு மட்டும் காட்டவில்லை. யூனிட்டில் எல்லாருக்கும் காட்டினாள். டைரக்டருடைய உதவியாளன் கௌதமுக்கும் காட்டினாள். அவன் போய் டைரக்டரிடம் சொல்லியிருக்கிறான்.

சிரித்த பிணம்

கதைப்படி நாயகனின் தம்பி மாடசாமி கணவாய்ச் சண்டையில் சாகிறான். ஒருவன் ஓடிவந்து தாயிடம் செய்தி சொல்லுகிறான். பிறகு உடல் வருகிறது. சினிமாவில் எல்லாம் தலைகீழ். உடல் வருகிற காட்சியை முதலில் எடுத்தோம். சண்முகவடிவு, "மாடசாமி, எம்மாடசாமி" என்று அழுதாள். கிளிசரின் கேட்கவில்லை. நான் நோட்டில் குறிப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டைரக்டர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "நல்லா இருக்கு. ஆனா ரா இல்ல."

அன்றுதான் நான் தொடக்கத்தில் சொன்னது நடந்தது. செத்த தம்பி எழுந்து சிரித்தான்.

"என்னக்கா, செத்தவனச் சிரிக்க வைக்காவ?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

வழக்கத்தைச் சொன்னேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பதையும் சொன்னேன்.

"நம்பிக்க கெடக்கட்டும். அவனுக்கும் ஒரு தாய் இருப்பால்லா. அவ பாத்தா வயிறு எரியாதா? சிரிக்க வச்சு அனுப்புதது நல்லதுதான்," என்றாள். பூசணிக்காய் உடைவதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தாள். எங்கள் பக்கம் அதற்குத் தடியங்காய் என்று பெயர். "நல்ல காய். கூட்டு வச்சா பத்துப் பேரு திங்கலாம்," என்று வருத்தமும் பட்டாள்.

"போன் வந்துச்சா?"

மறுநாள் செய்தி சொல்லுகிற காட்சி. அவள் வீட்டு முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். காவல்காரன் ஒருவன் ஓடிவந்து, "ஆத்தா, மாடசாமி போயிட்டான். எல்லையில," என்பான். ஒத்திகை பார்த்தோம். சரியாக வந்தது. என் கையிலிருந்த வசனத்தில் மாடசாமி என்றுதான் இருந்தது.

கேமரா ஓடத் தொடங்கியது. காவல்காரன் ஓடி வந்தான். மூச்சு வாங்கினான்.

"ஆத்தா... இசக்கிமுத்து போயிட்டான். எல்லையில."

சுளகு கீழே விழவில்லை. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாள்.

"எந்த இசக்கிமுத்து?"

அவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தான். அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

"எம்புள்ளையா? எப்பம்? யாருலே சொன்னா? போன் வந்துச்சா? எந்த ஆபீசரு பேசுனாவ? போன் வந்துச்சான்னு கேக்கம்லா, சொல்லுலே!"

பிறகு வந்த சத்தத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. மகன் பேரைச் சொல்லிக்கொண்டே மண்ணில் விழுந்தாள். எழுந்தாள். கேமராவையும் லைட்டையும் தாண்டி, தன் பை வைத்திருந்த வேப்பமரத்தடிக்குப் போனைத் தேடி ஓடினாள்.

"கட்! வாவ்!" என்றார் டைரக்டர்.

அதுகூடப் பரவாயில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நாயகனும் தட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் கத்தினேன். முதலில் என் தொழிலைத்தான் சொல்லிக் கத்தினேன். "சார், பேரு மாறிடுச்சு. போன் வந்துச்சான்னு கேக்குறாங்க. ஆபீசர்ங்கிறாங்க. இருநூறு வருஷத்துக்கு முந்தி ஏது சார் போன்? டேக் செல்லாது."

"பகவதி, ரிலாக்ஸ். டப்பிங்ல மாத்திக்கலாம். வாய் அசைவ யார் பாக்கப்போறா? இதான் டேக். இந்த மாதிரி ஒண்ணு யாருக்கும் கிடைக்காது."

"தெரிஞ்சேதான் பண்ணினீங்களா?"

"ஆர்ட்டுக்குக் கொஞ்சம் குரூரம் வேணும்," என்றார்.

தூ! அதைத்தான் அன்று வாய்க்குள் சொன்னேன். இன்று அச்சில் சொல்லுகிறேன்.

செத்தது யார்?

மலையடிவாரத்தில் டவர் கிடையாது. என் ஸ்கூட்டரில் அவளை ஏற்றி மெயின் ரோட்டுக்கு வந்தேன். மகன் எண் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒருத்தி சொன்னாள். சண்முகவடிவு திரும்பத் திரும்பப் போட்டாள். அவன் மேலே காவலுக்குப் போனால் பல நாள் பேச முடியாது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். மற்ற நாளாக இருந்தால் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள்.

"அவன் நல்லாத்தான் இருப்பான், இது சும்மா நடிப்புக்குச் சொன்னது," என்றேன்.

"தெரியுதுக்கா. இப்பம் தெரியுது. ஆனா என் வாயாலயே அழுதுட்டம்லா. உசுரோட இருக்குத புள்ளைக்குப் பேரச் சொல்லி அழுதுட்டேனே. எந்தத் தாயாவது செய்வாளா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "வண்டியத் திருப்புங்க. அந்த ஆளப் பாக்கணும்," என்றாள்.

டைரக்டர் கைகளை விரித்துக்கொண்டு வந்தார். "அம்மா, நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட்மா!"

"ஐயா, நேத்து அந்தத் தம்பிக்குச் சிரிக்க வச்சு எடுத்தீயள்லா. அது மாதிரி எம்புள்ளைக்கும் எடுக்கணும்."

"அவர் ஆர்ட்டிஸ்ட் இல்லையேம்மா. செத்தது மாடசாமி கேரக்டர். அந்தப் பையனுக்குத்தான் எடுத்தாச்சே."

"நேத்து செத்தது அந்தத் தம்பி. இன்னைக்குச் செத்தது எம்புள்ள பேரு. உங்க கேமராலதான் செத்துது. அவன் லீவுல வரும்போது அதே கேமரால அவன் சிரிக்கணும். தடியங்கா சுத்திப் போடணும். இல்ல, அந்தப் படத்த அழிச்சிருங்க. ரெண்டுல ஒண்ணு செய்ங்கய்யா. கையெடுத்துக் கும்பிடுதேன்."

டைரக்டர் அவளுக்கு மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பகுத்தறிவு, சயின்ஸ், கல்வி எல்லாம் வந்தது. பேசிக்கொண்டே கையை ஆட்டினார். அந்த மணிக்கட்டில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று கயிறுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவருடைய காரின் சக்கரத்தடியில் தினமும் எலுமிச்சம்பழம் நசுங்கும். முதல் ஷாட்டுக்கு நேரம் குறித்துக் கொடுத்த ஜோசியருக்குத் தனி ரூம் போட்டிருந்தார்கள். தன் தலைக்கு வந்தால் சாஸ்திரம், அடுத்தவள் பிள்ளைக்கு வந்தால் மூடநம்பிக்கை.

அவள் எல்லாவற்றையும் நின்று கேட்டாள். "சரிய்யா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எக்கா, ஒரு ஷாட்டு பாக்கி இருக்கு. மறந்துராதீங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். நாற்றங்கால் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

இடைப்பட்ட மாதங்கள்

சில நாள் கழித்து மகன் பேசினான். நன்றாக இருந்தான். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அவளுக்குத் தீரவில்லை.

"கொரலக் கேட்டாச்சு. ஆனா சுத்திப் போடலியேக்கா. அப்பிடியே நிக்குல்லா," என்பாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் எல்லையில் ஏதோ நடந்ததாக டி.வி.யில் கீழே எழுத்து ஓடியது. சில வீரர்கள் பலி என்று மட்டும் போட்டான். பேர் போடவில்லை. இலத்தூரில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு இல்லை. அன்று எல்லா வீட்டிலும் டி.வி. ஓடியிருக்கும். சண்முகவடிவு சென்னையில் இருந்த எனக்குப் போன் போட்டாள். "பேரு போட மாட்டேங்கானேக்கா," என்றாள். 

"சண்முகம், நீ அன்னைக்கு அழுததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லட்டி," என்றேன்.

"அப்ப அந்த டைரக்டரு கையில எதுக்குக்கா கவுறு கட்டிருக்காரு?" என்றாள்.

 

மறுநாள் மகன் பேசிவிட்டான். அவன் இருந்தது வேறு இடம். ஆனால் அந்த ஒரு ராத்திரி அவள் பட்டதை யார் டி.ஐ.யில் மாற்றுவது? நேராக எடிட்டிங் ரூமுக்குப் போய் டைரக்டரிடம் கேட்டேன். அந்த டேக்கைத் தூக்கிவிடுங்கள், அல்லது பையன் வரும்போது ஒரு ஷாட் எடுத்துக் கொடுங்கள். அவர் திரும்பியே பார்க்காமல், "டிரெய்லர்ல ஃபர்ஸ்ட் ஷாட்டே அதுதான் பகவதி," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை எந்தப் படத்துக்கும் கூப்பிடவில்லை. புண்ணியமாகப் போயிற்று.

தென்காசி தியேட்டரில்

ஒரு பண்டிகைக்குப் படம் வெளிவந்தது. பச்சையைப் பழுப்பாக்குகிறேன் என்று எல்லா மனிதர்களையும் மஞ்சள் காமாலைக்காரர்கள் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் படம் சுமாராகப் போனால் யூனிட்டே ஊர் ஊராகத் தியேட்டருக்குப் போய் மைக்கில் நன்றி சொல்லுகிறார்கள். தென்காசிக்கும் வருவதாகப் போஸ்டர் ஒட்டினார்கள். நான் அப்போது மேலகரத்தில் இருந்தேன்.

சண்முகவடிவு போன் போட்டாள். "எக்கா, இசக்கி வந்துட்டான். நீங்க கண்டிசனா தியேட்டருக்கு வரணும்."

வாசலில் நின்றாள். பக்கத்தில் பையன், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, நெட்டையாக. அவள் கையில் பெரிய கட்டைப்பை, தூக்க முடியாமல் தொங்கியது. "உள்ள என்ன?" என்று வாட்ச்மேன் கேட்டான். "காய்கறி," என்றாள். அவன் விட்டுவிட்டான்.

அந்தக் காட்சி வந்தது. யாரோ ஒருத்தி சென்னைக் குரலில், "மாடசாமி, என் மாடசாமி" என்று டப்பிங் பேசியிருந்தாள். திரையில் சண்முகவடிவின் வாய் வேறு சொன்னது. தியேட்டரில் பாதி இலத்தூர்க்காரர்கள். பின்வரிசையில் ஒருவர், "ஏ, போன் வந்துச்சான்னுல்லா கேக்கா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. இசக்கிமுத்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான். தன் சாவை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். டைரக்டரும் நாயகனும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நாயகன் அந்தக் கொட்டகைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இதையெல்லாம் விளம்பரத்துக்குப் படம் பிடிக்க, படம் எடுத்த அதே கேமராமேனை அதே கேமராவோடு கூட்டி வந்திருந்தார்கள்.

டைரக்டர் மைக்கை வாங்கினார். "ஃபிரெண்ட்ஸ், அந்த அம்மா அழுற சீன்ல எல்லாரும் அழுதிருப்பீங்க. அது நடிப்பு இல்ல. ரா! அவங்களுக்கே தெரியாம அவங்க சொந்த மகன் பேரச் சொல்ல வச்சேன். அவங்க இங்க இருந்தா மேடைக்கு வாங்கம்மா!"

வெட்கமில்லாமல் தானே சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

சண்முகவடிவு மகன் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பையோடு ஏறினாள். மைக்கை அவர் நீட்டும் முன்பே வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, நீங்க சொன்ன பேரு இவனுக்குள்ளது. இந்தா நிக்கான், இசக்கிமுத்து. உங்க கேமராலதான் செத்தான். ஒரு ஷாட்டு பாக்கி இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

 இலத்தூர்க்காரர்களில் யாரோ, "எடுங்கய்யா!" என்றார். அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். டைரக்டர் சிரித்துக்கொண்டே, "எடுத்துடலாம், எடுத்துடலாம்," என்றார். கேமராமேன்தான் முன்னால் வந்தார். கேமராவைத் தோளுக்குத் தூக்கி இசக்கிமுத்துவின் முகத்துக்கு நேரே வைத்தார். அவருக்குத் தெரியும். அவரும் அன்று அங்கே இருந்தவர்தான்.

இசக்கிமுத்து விறைத்து நின்றான். போட்டோவில் நின்ற அதே மாதிரி. உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"சிரிலே," என்றாள்.

அவனுக்கு வரவில்லை. கூட்டத்தைப் பார்த்து இன்னும் விறைத்தான்.

அவள் டைரக்டரைப் பார்த்தாள். "ஆக்‌ஷன் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான அது ஷாட்டு."

டைரக்டர் நெளிந்தார். மைக் இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.  நாயகன் மெதுவாகப் படியிறங்கப் பார்த்தார்.

அதுவரை அவரை 'ஐயா' என்று மட்டுமே கூப்பிட்ட சண்முகவடிவு மைக்கிலேயே கத்தினாள்.

"ஏலே, சொல்லுலே!"

"ஆக்‌ஷன்!" என்றார் டைரக்டர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

இசக்கிமுத்து வெடித்துச் சிரித்துவிட்டான். உடைந்த முன்பல் தெரிய, தோள் குலுங்க, அம்மாவின் தலைமேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். தியேட்டரே விசிலடித்தது. நானும் அடித்தேன். இந்த வயதில் எனக்கு விசில் வரும் என்று எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

அவள் பையிலிருந்து தடியங்காயை எடுத்தாள். நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் வரைக்கும் தயாராக இருந்தது. டைரக்டர் கையில் கொடுத்து வாசலுக்குக் கூட்டிப்போனாள். அவர்தான் மகன் தலையைச் சுற்றினார். அவர்தான் உடைத்தார். கூட்டம் நெருக்கியதில் தூர எறிய இடமில்லை. சதையும் குங்குமமும் அவருடைய வெள்ளைப் பேண்டில் முழங்கால் வரை தெறித்தது. அது எந்த டி.ஐ.யிலும் போகாது.

அவர் தன் பேண்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "அம்மா, நான் என்ன சொல்றதுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"கட்டு சொல்லுங்க, போதும்," என்றாள் சண்முகவடிவு.

சொன்னார்.

அவள் காலிப் பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மகன் முதுகில் ஒன்று போட்டாள்.

"வாலே, எலத்தூர் பஸ்ஸு போயிரும்."